அழைப்பிதழில் அச்சிட்ட பாஸ்வேர்டு

எங்கள் வீட்டுக்கு இணைய இணைப்பு வந்தது ஊரடங்கு போட்ட வருடத்தின் ஆவணியில். தம்பி இன்றைக்கும் அது புரட்டாசி என்று சாதிக்கிறான். ஆவணிதான். பிள்ளையார் சதுர்த்திக்குத் தெருவில் சிலை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் கேபிள்காரர் வந்தார். கஜா புயலில் விழாமல் நின்றுவிட்ட எங்கள் வாசலின் ஒற்றைத் தென்னையில் ஏணியைச் சாத்தி, கறுப்பு ஒயரை அதில் ஒரு சுற்றுச் சுற்றி, ஜன்னல் கம்பி வழியாக உள்ளே இழுத்தார். ஆலங்குடிக்கும் கீரமங்கலத்துக்கும் நடுவில் இருக்கும் எங்கள் ஊரில் அந்த ஒயர் நுழைந்த முதல் வீடு எங்களுடையது.

அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, ஊருக்கு எது எப்போது வந்தது, எது எப்போது போனது என்று தேதி பார்த்து வைப்பதும் கிடைத்ததைப் படிப்பதுமாகப் பொழுது போகிறது. முதல் மின்கம்பம், முதல் போர்வெல், முதல் மினிபஸ் என்ற வரிசையில் ரவுட்டரையும் சேர்த்தேன். சேர்த்தபோது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. வந்ததை மட்டும்தான் அப்போது பார்த்தேன். கூடவே வேறென்ன வரும் என்று பார்க்கவில்லை.

பாஸ்வேர்டு என்ன வைப்பது என்று கேபிள்காரர் யாரையும் கேட்பதில்லை. எந்த வீடானாலும் அந்த வீட்டுப் பெரியவரின் போன் நம்பர்தான். அதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். மறந்துவிட்டால் எல்லாரும் தனக்குத்தான் போன் போடுவார்களாம். போட்டதும் திரையில் நம்பர் தெரியும். அதையே திருப்பிச் சொல்லிவிடலாமாம். அலுவலகத்தில் முப்பது வருடம் கோப்புப் பார்த்த எனக்கே அது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றியது. ரவுட்டருக்கு என் பெயரை வைத்தார், பாஸ்வேர்டுக்கு என் நம்பரை வைத்தார், காப்பி குடித்துவிட்டுப் போனார்.

ஒயர் வந்தது மகளுக்காக. எனக்கு ஒரே மகள். அந்தத் தை மாதம்தான் அவளுக்குக் கல்யாணம் முடித்திருந்தோம். மாப்பிள்ளை இலுப்பூர்ப் பக்கம். சிங்கப்பூரில் கட்டட வேலையில் மேற்பார்வையாளர். கல்யாணத்துக்கு வந்தவர் விடுப்பு முடிந்து போனார். போன கையோடு விமானமெல்லாம் நின்றுவிட்டது. மகள் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்தாள். அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த சிகிச்சை விவரங்களைப் படித்து, காப்பீட்டுக்கான குறியீட்டு எண்களாக மாற்றுகிற வேலை. அவரவர் வீட்டிலிருந்தே செய்யுங்கள் என்று கம்பெனி அனுப்பிவிட்டது. மாமியார் வீட்டில் சிக்னல் கிடைக்காது, போனில் பேசவே மாடிக்கு ஏற வேண்டும். அதனால் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரடங்கு முடிந்த பிறகும் கம்பெனி அவளைத் திரும்பக் கூப்பிடவில்லை. மாப்பிள்ளை இடையில் ஒரு விடுப்பில் வந்து போனார், பையன் பிறந்தான். மகப்பேறு விடுப்பு முடிந்ததும் அதே மேசையில் போய் உட்கார்ந்தாள். மதியம் இரண்டு மணிக்குக் காதில் ஹெட்செட்டை மாட்டினால் இரவுச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். போன வருடம் அவளை ஒரு குழுவுக்குத் தலைவி ஆக்கினார்கள்.

மாப்பிள்ளைக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. முதலில் ஜாடையாகச் சொன்னார், பிறகு நேராகவே என்னிடம் சொன்னார். "பையனைப் பாத்துக்கிட்டு எங்க அம்மாகூட இருக்கட்டும் மாமா, நான் சம்பாதிக்கிறது பத்தாதா?" என்றார். மகள் விடமாட்டேன் என்றாள். ஏன் என்று அவள் அம்மா கேட்டதற்கு ஒரே ஒரு முறை பதில் சொன்னாள்: "இத விட்டா நான் எங்க இருக்கணும், எப்ப வரணும், எப்ப போகணும் எல்லாம் அவங்க சொல்றதுதாம்மா." அந்த வேலை அவளுக்கு என்ன என்பது அதிலேயே எனக்குப் புரிந்தது.

பையனுக்குக் காது குத்தியது போன வருடம் வைகாசியில். ஆலங்குடியில் பத்திரிகை அடித்தோம். கீழே தொடர்புக்கு என்று என் நம்பரைப் போட்டார்கள். எல்லாப் பத்திரிகையிலும் போடுவதுதான். எனக்கு மகன் இல்லை என்பதால் தம்பி மகன்தான் தாய்மாமன். அவன் மடியில் வைத்துத்தான் காது குத்தினார்கள். அந்த உரிமையில் அன்று முழுக்கத் தம்பி வீடுதான் முன்னால் நின்றது. பந்தி நடக்கும்போது இளவட்டங்கள் வைஃபை பாஸ்வேர்டு கேட்டிருக்கிறார்கள். தம்பி மைக்கைப் பிடித்து, "நெட்டு வேணுங்கிறவங்க கையில இருக்க பத்திரிகையப் பாருங்கப்பா, அண்ணன் நம்பர்தான் பாஸ்வேர்டு" என்று அறிவித்தான். பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஊருக்கும் எங்கள் பக்கத்துச் சொந்தபந்தம் மொத்தத்துக்கும் பத்திரிகை வைத்திருந்தோம். யார் வீட்டிலும் பத்திரிகையைக் கிழித்துப் போடுவதில்லை. மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு வந்த தாள். காலண்டர் ஆணியில் மாட்டி வைப்பார்கள். அன்றிலிருந்து என் வீட்டுச் சாவி ஊரில் எல்லார் வீட்டு ஆணியிலும் தொங்கியது. சாயங்காலமானால் வாய்க்கால் பாலத்தின் கட்டைச் சுவரில் பையன்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் தம்பி வீட்டில் டிவியே எங்கள் இணைப்பில் ஓடியது. மகளுக்குப் பேச்சு நடுவில் அறுந்தது. குழுவினர் முகம் திரையில் பாதி வாயைத் திறந்தபடி உறைந்து நிற்கும். தம்பியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் அப்பா விட்டுப்போன கிணற்றில் இன்றைக்கும் ஒரு நாள் அவன் முறை, ஒரு நாள் என் முறை. இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் இது அப்படி இல்லை. இந்த மாவட்டத்துக் கோயில்களில் நான் பார்த்திருக்கிற கல்வெட்டுகள் சிலவற்றில், எந்தக் குளத்து நீர் யார் வயலுக்கு எந்த முறையில் பாய வேண்டும் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர்களும் பகிர்ந்து வாழ்ந்தவர்கள்தான். ஆனால் மடையை யார் திறக்கலாம் என்பதைச் சொல்லாமல் விடவில்லை. நாங்கள் மடையின் சாவியை மைக்கில் அறிவித்தோம்.

போன மாசியில் சிங்கப்பூரிலிருந்து விடுப்பில் வந்த ஒருவர் மாப்பிள்ளை கொடுத்தனுப்பிய சாமான்களைக் கொண்டுவந்தார். எங்களுக்குக் கோடாலித் தைலம், சாக்லேட், பையனுக்குச் சட்டை. தம்பி வீட்டுக்கும் ஒரு பார்சல். தாய்மாமன் வீடு என்று மரியாதை செய்கிறார் போலிருக்கிறது என்று மனைவி சந்தோஷப்பட்டாள். அந்த வாரமே தம்பி வீட்டுச் சுவரில் ஒரு வெள்ளைக் கேமரா ஏறியது. கோழிமுட்டைக்குக் கண் வைத்தது போல இருக்கும். தேங்காய் விலை ஏறி, கொல்லையில் குவித்த காய் களவுபோகிற காலம் அது. அதற்காக வைத்தது என்றான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. எனக்கு மட்டும் ஒன்று உறுத்தியது. தேங்காய்க் குவியல் கொல்லையில் இருந்தது. கேமரா தெருப்பக்கம் இருந்தது. கேட்டேன். "அது தானாச் சுத்தும்ணே" என்றான். சுத்தத்தான் செய்தது. ஆனால் சுற்றி முடித்ததும் எங்கள் வாசலைப் பார்த்தே நின்றது.

பங்குனியில் ஒருநாள் மாப்பிள்ளை போனில் பேசும்போது, "வாசல் பைப் ஒழுகுதே மாமா, ஒரு வாசர் போட்டா நின்னுரும்ல" என்றார். நல்ல பிள்ளை, கடல் தாண்டி இருந்தும் வீட்டு நினைப்பு என்று நான் மெச்சிக்கொண்டேன். மகள் சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். மாப்பிள்ளை சொன்னார் என்று வீட்டில் சொல்லி, அன்றைக்கே வாசர் மாற்றினேன்.

சித்திரையில் மகளின் கம்பெனியிலிருந்து ஒருவர் புதுக்கோட்டையிலிருந்து பைக்கில் வந்து, பழுதான மடிக்கணினியை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்துப் போனார். வாசலில் நின்று கையெழுத்து வாங்கினார். தண்ணீர் குடித்தார். போனார். சாயங்காலம் மாப்பிள்ளை போனில், பைக்கில் வந்தது யார் என்று கேட்டிருக்கிறார். மகள் நான் சொன்னதாக நினைத்தாள். நான் அவள் அம்மா சொன்னதாக நினைத்தேன். மனைவி எங்கள் இருவரையும் சந்தேகப்பட்டாள். ஒரு வீட்டுக்குள் மூன்று பேர் ஒருவரையொருவர் கோள் சொல்லியாகப் பார்த்தபடி அந்தக் கோடையைக் கழித்தோம். மகள் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், எத்தனை தடவை வாசலுக்கு வந்தாய், யாரோடு பேசினாய் என்று கேள்வி வந்தது. ஒருநாள் சாப்பிடும்போது என்னிடம் கேட்டாள், "அப்பா, நீங்க அவருகிட்ட நெதம் பேசுறீங்களா?" இல்லை என்றேன். நம்பினாளா என்று தெரியாது. தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டாள்.

ஆனி மாதம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நோயாளிகளின் விவரம் புழங்குகிற வேலை என்பதால், வீட்டு வைஃபையை வெளியார் யாரும் பயன்படுத்தக் கூடாது. பாஸ்வேர்டு ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும். சரிசெய்து, ரவுட்டர் அமைப்புகளைத் திரையில் படம் எடுத்து வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் சென்னை அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். சின்னப் பிள்ளையோடு அவள் சென்னைக்குப் போக முடியாது. போகாவிட்டால் வேலை இல்லை. வேலை இல்லாவிட்டால் இலுப்பூர்ப் பக்கம்.

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தோம். ரவுட்டரைக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த சீட்டில் புள்ளி வைத்து எழுதியிருந்த எண்ணை நான் படித்தேன்; அவள் கணினியில் தட்டினாள். உள்ளே நுழையப் பெயர் கேட்டது. அட்மின். பாஸ்வேர்டு கேட்டது. அதுவும் அட்மின். இத்தனை வருடமாக யார் வேண்டுமானாலும் உள்ளே போய் எங்களையே வெளியே தள்ளிப் பூட்டியிருக்கலாம் என்றாள். முதலில் அதை மாற்றினாள். வெளியிலிருந்து ரவுட்டரைத் திறக்கிற வசதி ஒன்று திறந்தபடி கிடந்தது, மூடினாள். பாஸ்வேர்டே இல்லாமல் பின்னால் இருக்கிற பொத்தானை அமுக்கிச் சேர்ந்துகொள்கிற வசதியை நிறுத்தினாள். என் பெயரை எடுத்துவிட்டு வெறும் ஆங்கில எழுத்துகள் சிலவற்றைப் போட்டாள். யார் வீடு என்று பெயரைப் பார்த்துத் தெரியக் கூடாதாம். இந்த ஊரில் எங்கள் வீடு யாருக்குத் தெரியாது என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை.

வைஃபை பாஸ்வேர்டுக்கு வந்தோம். நீளமாக இருக்க வேண்டும், நான் மறக்கக் கூடாது என்றாள். தேதி என்றால் எனக்கு மறக்காது. எங்கள் அப்பா இறந்த தேதியைச் சொன்னேன். வேண்டாம் என்றாள். அவள் பிறந்த தேதி, எங்கள் கல்யாணத் தேதி, இந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய தேதி. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள். கடைசியில், பெரிய கிணறு தூர் வாரிய தேதியைச் சொன்னேன். என்னைத் தவிர யாருக்கும் அது நினைவிருக்காது என்று நம்பினேன்.

"அன்னைக்கு மண்ணு சுமந்தது யாருப்பா?" என்றாள்.

தம்பிதான். அவனும் நானும்தான் சுமந்தோம்.

"ஒங்களுக்குத் தெரிஞ்ச தேதி எல்லாம் சித்தப்பாவுக்கும் தெரியும்ப்பா."

யோசித்துப் பார்த்தேன். குலதெய்வத்தின் பெயர், இறந்துபோன மாடுகளின் பெயர், அம்மாவை அவள் பிறந்த வீட்டில் கூப்பிட்ட பெயர், பள்ளிக்கூடத்தில் எனக்கு வைத்த பட்டப்பெயர். என் தம்பிக்குத் தெரியாத ஒரு சொல் என்னிடம் இல்லை. அதுவரை அது எனக்குப் பெருமையாக இருந்த விஷயம். மகள் என்னிடம் கேட்பதை நிறுத்திவிட்டு, அவள் வேலையில் புழங்குகிற நான்கு சொற்களைக் கோத்துப் போட்டாள். எலும்புகளின் பெயரோ நோய்களின் பெயரோ. எனக்கு வாயில் நுழையவில்லை. சேமிக்கிற பொத்தானை அமுக்கினாள். ரவுட்டரின் விளக்குகள் அணைந்து மறுபடி ஒவ்வொன்றாக எரிந்தன.

அப்போதுதான் சுவருக்கு அந்தப்புறத்திலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். "வைஃபை கனெக்‌ஷன் ஃபெயில்ட்." சிறிது நேரம் விட்டு மறுபடியும். தம்பி வீட்டு டிவி என்று மனைவி சொன்னாள். மகள் எழுந்து வாசலுக்குப் போனாள். நான் பின்னால் போனேன். தெருவில் யாரும் இல்லை. சுவரில் கேமரா ஒரு முழுச் சுற்றுச் சுற்றியது. வழக்கம்போல எங்கள் வாசலுக்கு வந்து நின்றது. பச்சையாக இருந்த சின்ன விளக்கு சிவப்பாக மின்னியது. "வைஃபை கனெக்‌ஷன் ஃபெயில்ட்" என்று எங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

என் வாசலைப் பார்த்த கண்ணுக்கு என் ரவுட்டர்தான் இரை போட்டிருக்கிறது. அந்த நேரத்தில் எனக்கு அவ்வளவுதான் புரிந்தது. மகளுக்கு அதற்குமேல் புரிந்துவிட்டது. வாசல் பைப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தம்பி வந்தான். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரொம்பச் சாதாரணமாக.

"அண்ணே, நெட்டு போயிருச்சா?"

"எங்களுக்குப் போகல" என்றேன்.

"அப்ப எங்களுக்கு மட்டும் போச்சாக்கும்."

மகள்தான் கேட்டாள், "சித்தப்பா, கேமரா எங்க லைன்லயா ஓடுச்சு?"

"எங்களுக்கு ஏது ஆத்தா லைனு? ஒரே வீடுதானேன்னு போட்டேன்."

"தேங்கா அங்கிட்டுக் கொல்லையிலல்ல கெடக்கு. இது இங்கிட்டுப் பாக்குது?"

அவன் என்னைப் பார்த்துச் சொன்னான். "பத்திரிகையில போட்டு ஊருக்கே குடுத்த நம்பருண்ணே. நான் என்ன களவாண்டா எடுத்தேன்? பூட்டணும்னா மொதல்ல ஒரு வார்த்த சொல்லிட்டுப் பூட்டுங்க. கூடப் பொறந்தவனுக்குச் சொல்லாம பூட்டுறது நல்லாவா இருக்கு?"

பார்சலில் வந்தது என்ன என்று மகள் கேட்டாள். அவன் திரும்பிப் போய்விட்டான்.

பொழுது சாயும்போது மாப்பிள்ளையே கூப்பிட்டார். மகள் போனை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள். நாங்கள் மூவரும் சுற்றி நின்றோம். அவருக்கு அது தெரியாது.

"கேமரா ஏன் ஆஃப் ஆச்சு?" என்றார். எடுத்த எடுப்பில் அதுதான்.

"எந்தக் கேமரா?" என்றாள் மகள்.

அந்தப் பக்கம் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கிற ஒலி கேட்டது. பிறகு சொன்னார், "சித்தப்பா வீட்டுல இருக்கதுதான். பையனப் பாக்கணும்னு தோணுனா பாப்பேன். அதுல என்ன இருக்கு?"

"பையனப் பாக்க வீடியோ கால் இருக்குல்ல?"

"யாரு எடுக்குறா? நீதான் எந்நேரமும் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு இருக்கியே."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. தொழிலாளர் விடுதியின் அடுக்குக் கட்டில் ஒன்றில் படுத்துக்கொண்டு, மகன் வாசலில் விளையாடுவதைப் போனில் பார்க்கிற ஒரு மனிதனை என்னால் நினைத்துப் பார்க்க முடிந்தது. கேட்டிருந்தால் நானே கேமரா வாங்கி எங்கள் கூடத்தில் மாட்டியிருப்பேன். அவர் கேட்கவில்லை. தைலத்தோடு சேர்த்து அனுப்பினார். பைப்பில் வாசர் போடச் சொன்னார். பைக்கில் வந்தது யார் என்று விசாரித்தார். யார் சொன்னது என்று மகள் கேட்டும் சொல்லாமல், நாங்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படட்டும் என்று விட்டுவிட்டார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

கடைசியில் அவர் சொன்னது: "ஒண்ணு கேமரா ஓடணும். இல்லாட்டி வேலைய விட்டுட்டு எங்க அம்மாகிட்டப் போயிரு. ரெண்டுல நீயே எடுத்துக்க."

கம்பெனிக்கு வெள்ளிக்கிழமைக்குள் படம் போக வேண்டும். அந்தப் படத்தில் வெளியாள் யாரும் ரவுட்டரில் இருக்கக் கூடாது. மாப்பிள்ளைக்கோ கேமரா ஓட வேண்டும். கேமரா ஓடினால் வேலை போகும், ஓடாவிட்டால் வேலையை விட வேண்டும். திங்களும் செவ்வாயும் தம்பி ஊருக்குள் பேசினான். அண்ணன் நெட்டை அறுத்துவிட்டார் என்று டீக்கடையில் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த நாள் கடையில் ஒருவர், "மறைக்கிறதுக்கு இருந்தாத்தானே பூட்டணும்" என்று என்னை வைத்துக்கொண்டே இன்னொருவரிடம் சொன்னார். அவரும் பாலத்துச் சுவரில் உட்கார்ந்து படம் பார்த்தவர்தான். ஒரு வருடமாகத் திறந்து கிடந்ததற்கு யாரும் நன்றி சொன்னதில்லை. மூடிய இரண்டே நாளில் எங்கள் வீட்டில் ஏதோ இருக்கிறது என்று ஆகிவிட்டது.

மனைவி மாப்பிள்ளை பக்கம் பேசினாள். "பாத்தா பாத்துட்டுப் போறாரு. கட்டுன புருசந்தானே, வேத்தாளா?" என்றாள். நான் கூடாது என்றேன். என் வாசல், என் லைன், வேண்டுமானால் நேரில் வந்து பார்க்கட்டும் என்றேன். நான் சொல்லச் சொல்ல மகள் என்னைப் பார்த்த பார்வையில், இதெல்லாம் சொல்ல நன்றாக இருக்கிறது என்று இருந்தது. கோபப்படுவது எனக்கு எளிது. விளைவு அவளுக்குத்தான்.

புதன்கிழமை, வேலை தொடங்குவதற்கு முன் அவளே மறுபடி ரவுட்டரைத் திறந்தாள். விருந்தாளிகளுக்கு என்று தனியாக ஒரு இணைப்பு ஏற்படுத்துகிற வசதி அதில் இருந்தது. ஒரே பெட்டிதான், ஆனால் வேறு பெயர், வேறு பாஸ்வேர்டு. அதில் சேர்கிறவர்களால் உள் இணைப்பில் இருக்கிற எதையும் எட்டிப் பார்க்க முடியாது. வீட்டோடு ஒட்டாமல் வாசலில் ஒரு அறை கட்டி, அதற்குத் தனிக் கதவு வைக்கிற மாதிரி என்று எனக்கு விளக்கினாள். கம்பெனிக்காரர்களிடம் முன்கூட்டியே கேட்டிருக்கிறாள். தனியாகப் பிரித்திருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். வேகத்தைக் குறைத்து, பெயர் யார் போனிலும் தானாகத் தெரியாதபடி மறைத்து வைத்தாள். கேமரா ஓடும், டிவி ஓடாது.

பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன்.

"ஒங்க நம்பரே இருக்கட்டும்ப்பா. சித்தப்பாவுக்குப் பழகுனது."

நான் வேண்டாம் என்றேன். எல்லாம் செய்து, கதவெல்லாம் பூட்டி, கடைசியில் பார்க்கிறவனுக்கே நாமே ஜன்னல் வைத்துக் கொடுப்பதா என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவள் குரல் உயரவில்லை.

"ஜன்னல் ஏற்கெனவே இருக்குப்பா. இப்ப வேல மிஞ்சுது, அவ்வளவுதான்."

பிறகு சொன்னாள், "நீங்களே போய்ச் சொல்லிருங்க. நான் சொன்னா கெஞ்சுற மாரி இருக்கும்."

போனேன். சுவர் ஓரம் நின்று தம்பியைக் கூப்பிட்டேன். புதிய இணைப்பின் பெயரைச் சொன்னேன். பாஸ்வேர்டு பழைய நம்பர்தான் என்றேன். அவன் முகம் மலர்ந்துவிட்டது. அண்ணன் இறங்கி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டான். "இத மொதல்லயே செஞ்சிருந்தா பிரச்சனையே இல்லண்ணே" என்று சொல்லி, போனில் அதை அடித்து, திரையில் வந்த கியூஆர் கோடைக் கேமராவுக்கு நேரே பிடித்தான். விளக்கு சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது. அந்தப் பெண் இந்த முறை வேறு சொன்னாள். "வைஃபை கனெக்டட்." நான் நின்ற இடத்திலிருந்தே அது என்னைப் பார்த்துத் திரும்புவதைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமைக்கு முன்பே படம் போய்விட்டது. கம்பெனி சரி என்று பதில் போட்டது. வேலை இருக்கிறது. தம்பி மறுபடியும் பேசுகிறான். ஆடி அமாவாசைக்குக் கிணற்று முறையில் அவன் நாளை எனக்கு விட்டுக்கொடுத்தான். டிவி சுற்றிக்கொண்டே நிற்கிறது, வேகத்தைக் கூட்டச் சொல்லுங்கள் என்று இரண்டொரு முறை கேட்டுவிட்டான். கம்பெனிதான் விடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். பாலத்துச் சுவர் காலியாக இருக்கிறது. அந்தப் பையன்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள்.

மகள் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டிருக்கிறாள். தினமும் மதியம் வேலைக்கு உட்காருவதற்கு முன், பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். கேமராவுக்கு நேர் எதிரே நிற்கிறாள். பையன் கையை அசைக்கிறான், அவள் அசைப்பதில்லை. நிற்கிற வரை நின்றுவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்துகிறாள். பிறகு இரவு வரை வாசல் பக்கமே போவதில்லை. ஒருநாள் எதற்கு இது என்று கேட்டேன். "ஆபீஸ்ல வெரல வைக்கிறாங்கல்லப்பா, வந்துட்டேன்னு. அது மாரிதான்" என்றாள். மாப்பிள்ளை இப்போது வேலையைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் சொன்னாள்.

நான் வாசல் வழியாகப் போவதை விட்டுவிட்டேன். பஸ்ஸுக்கானாலும் கடைக்கானாலும் கொல்லைக் கதவைத் திறந்து, தேங்காய் மட்டைக் குவியலைச் சுற்றி ரோட்டுக்கு ஏறுகிறேன். வாசல் பைப் ஆவணி பிறந்ததிலிருந்து மறுபடி ஒழுகுகிறது. வாசர் வாங்கி வைத்திருக்கிறேன், போடவில்லை. மாப்பிள்ளை வாரம் தவறாமல் என்னிடம் பேசுகிறார். மழை எப்படி, உடம்பு எப்படி, பையன் என்ன பேசுகிறான் என்று கேட்கிறார். பைப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொட்டுகிற இடத்தில் மனைவி ஒரு வாளியை வைத்திருக்கிறாள். அது நிறைந்து வழிவதைப் பார்த்துவிட்டுத்தான் அவரும் பேசுகிறார், நானும் பேசுகிறேன்.